கட்டணச் சலுகை, உதவித்தொகை, கல்விக் கடன்: தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் எதை முதலில் எடுப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டில் பேச்சு பெரும்பாலும் "எவ்வளவு உதவி கிடைக்கும்?" என்றே தொடங்கும். தொகையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் உண்டு. பணம் எந்த மாதம் வரும்? யாருடைய கணக்குக்கு வரும்? அடுத்த ஆண்டும் தொடர என்ன செய்ய வேண்டும்? திருப்பிக் கட்ட வேண்டுமா? ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் உதவித்தொகை மார்ச் மாதம் வருகிறது என்றால், ஆகஸ்டில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு அது கைகொடுக்காது. நடுவில் இருக்கும் மாதங்களுக்குக் குடும்பம் வெளியே வட்டிக்கு வாங்கினால், உதவித்தொகையின் ஒரு பகுதி அந்த வட்டிக்கே போய்விடும்.

இந்த நான்கு கேள்விகளையும் வைத்து நிறுத்துப் பார்த்தால் வரிசை தெளிவாகவே வருகிறது: முதலில் கட்டணச் சலுகை, அடுத்து உதவித்தொகை, மிச்சத்துக்கு மட்டும் கல்விக் கடன். விண்ணப்பிக்கும் வேலையை மட்டும் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கிவிட வேண்டும்.

கட்டணமே குறையும் வழி

கட்டணச் சலுகையில் மாணவர் கைக்குப் பணம் வராது. கட்ட வேண்டிய தொகையே குறைந்துவிடும். அதனால் காத்திருப்பு இல்லை, வட்டி இல்லை, வங்கிக் கணக்குச் சிக்கலும் இல்லை. மற்ற எல்லா உதவிகளையும்விட இதை முன்னால் வைப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் இவ்வகையில் மிகப் பெரியது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் இது நடைமுறையில் உள்ளது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தவர்களுடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் இதை விட்டுவிட்டு வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையே இல்லை.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே இதைப் பெற்றிருந்தால் தம்பி தங்கைக்குக் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடமிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். கலந்தாய்வுப் பதிவு தொடங்கிய பிறகு ஓடினால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நகர்வதற்குள் சான்றிதழ் பதிவேற்றக் கடைசி நாள் தாண்டிவிடக்கூடும். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு.

பல குடும்பங்கள் பணத்தைக் கோட்டைவிடும் இடம் இதுதான். கலந்தாய்வில் கிடைத்த கல்லூரி பிடிக்கவில்லை என்று, "நல்ல பெயர் உள்ள" வேறொரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்த்துவிடுகிறார்கள். தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்த அளவு, தரச்சான்று இல்லாத பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000 ரூபாய். ஆண்டுக்கு 35,000 என்றால் நான்கு ஆண்டுக்கு 1,40,000. அதோடு நிற்கவில்லை. முதல் பட்டதாரி சலுகை போகும். பின்னால் சொல்லப்போகும் பிஎம் வித்யாலட்சுமி கடனும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. ஒரே முடிவில் மூன்று கதவுகள் சாத்தப்படுகின்றன. விருப்பமான பாடப்பிரிவுக்காக நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போவதில் சில நேரம் நியாயம் இருக்கலாம். கல்லூரியின் பெயருக்காக மட்டும் போவதற்கு இந்த விலை மிக அதிகம்.

உதவித்தொகை: எது பெரியது, எது நிச்சயம்

உதவித்தொகைகளில் அளவும் நிபந்தனையும் பெரிதும் வேறுபடும். பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். முதலாம் ஆண்டில், அல்லது பட்டயப் படிப்பு முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும்போது மட்டுமே புதிதாக விண்ணப்பிக்க முடியும். "இரண்டாம் வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே அளவில் சக்ஷம் உதவித்தொகை உண்டு.

கலை, அறிவியல் மாணவர்களுக்கும் பயன்படக்கூடியது, பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண் அடிப்படையிலான ஒன்றிய அரசின் உதவித்தொகை. இளநிலைப் பட்டத்தின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000, முதுநிலையில் ஆண்டுக்கு 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு வாரியத்தில் 80-ஆவது சதமானத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது அந்த வாரியத்தில் தேர்வெழுதிய நூறு பேரில் எண்பது பேருக்கு மேலே நிற்க வேண்டும். இதை 80 சதவீத மதிப்பெண் என்று புரிந்துகொண்டு விண்ணப்பிக்காமல் விடுவோரும், வீணாக விண்ணப்பிப்போரும் இரு பக்கமும் உண்டு. தொடர்ந்து பெறுவதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு ஒன்றிய அரசின் வருமான வரம்பு 2.5 லட்சம். கட்டணமும் பராமரிப்புப் படியும் சேர்ந்து வருவதால் தகுதியுள்ளவருக்கு இதுவே பெரிய உதவி. பணம் மாணவரின் கணக்குக்கே வரும். கட்டணப் பகுதியை அவர்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். வந்த பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், தேர்வு நுழைவுச் சீட்டு தரும் நாளில் கல்லூரிக் கணக்கில் பாக்கி நிற்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய் தருவதாக இவை அறிவிக்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். மற்ற உதவித்தொகை பெறுவோரும் புதுமைப் பெண் தொகையைப் பெறலாம் என்பது இதன் பெரிய பலம். தொகை சிறிதாகத் தோன்றினாலும் கல்விக் கடனோடு சேர்த்துப் பார்த்தால் இதன் மதிப்பு வேறு. கணக்கைக் கீழே காட்டுகிறேன்.

வருமான வரம்பும் தொகையும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிட்டே படிவத்தைத் திறக்க வேண்டும். அதில் தேட வேண்டிய வரி ஒன்று: "வேறு அரசு உதவித்தொகை பெறுபவர் தகுதியற்றவர்." ஒன்றிய அரசின் பல திட்டங்களில் இந்த நிபந்தனை இருக்கிறது. இரண்டு வந்தால் நல்லதுதானே என்று இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு, பிறகு ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொல்லும்போது திண்டாட வேண்டாம். ஒன்றுதான் கிடைக்கும் என்றால், நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பணம் ஒப்புதல் ஆகியும் வராமல் போவது ஏன்

விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பட்டியலில் பெயரும் இருக்கிறது, பணம் மட்டும் வரவில்லை. இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது ஆதார் இணைப்பு. வங்கிக் கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்திருப்பதால் "ஆதார் இணைத்தாச்சு" என்று நினைத்துக்கொள்கிறோம். அடையாளச் சான்றாக ஆதாரைக் கொடுப்பது வேறு, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காகத் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவில் அந்தக் கணக்கை இணைப்பது வேறு. இரண்டாவதற்கு வங்கியில் தனி ஒப்புதல் படிவம் தர வேண்டும். ஒருவருக்கு எத்தனை வங்கிக் கணக்கு இருந்தாலும், கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்து கிடப்பது இதனால்தான். எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பெயர். தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய தலைவலி இது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயர் முழுதாக. கணினிக்கு மூன்றும் மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்துவதுதான் எளிது. சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. கல்லூரி சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில் இதை முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, கல்லூரி அளவில் சரிபார்ப்பு நிற்பது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு எண் பெற்று விண்ணப்பித்த பிறகு, அதைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். குறை என்று திருப்பி அனுப்பப்பட்டால், குறிப்பிட்ட நாளுக்குள் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். குறுஞ்செய்தி வரும் என்று நம்பி இருக்காமல் வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பார்ப்பது நல்லது. மாநில அரசுத் திட்டங்களுக்குக் கல்லூரி உருவாக்கித் தரும் யூமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான மாநிலத் தகவல் தளத்தின் எண்) வேண்டும். அதில் பாடப்பிரிவோ ஆண்டோ தவறாக இருந்தால் உதவித்தொகை நின்றுவிடும், திருத்தவும் கல்லூரியால்தான் முடியும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும், வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதையும் சேர்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன்: மூன்று வகையும் ஒன்றல்ல

சலுகையும் உதவித்தொகையும் போக மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு கடனுக்கு வருவோம். இந்திய வங்கிகள் சங்கம் எல்லா வங்கிகளுக்கும் வகுத்துத் தந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானமும் கிடையாது, நம் பங்காகப் பணம் போடவும் வேண்டாம். அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. உதவித்தொகையையே அந்தப் பங்காகக் காட்டலாம். 7.5 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். எந்த அளவானாலும் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கல்விக் கட்டணம், விடுதி, தேர்வு, நூலகக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேரும். ரசீது இல்லாத "நன்கொடை" சேராது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. பிறகு 15 ஆண்டுக்குள் கட்டலாம்.

பிஎம் வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தும். தொடக்கத்தில் அவை 860. அடமானமும் ஜாமீன்தாரும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம். ஆனால் வேறு அரசு உதவித்தொகை பெறுவோருக்கு இந்த மானியம் இல்லை, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கே தருகிறார்கள்.

4.5 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்கு, தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளில், தவணை தொடங்கும் வரையிலான முழு வட்டியையும் ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் தனியாக உண்டு. வாழ்நாளில் ஒருமுறைதான் இதைப் பெறலாம், இளநிலைக்கோ முதுநிலைக்கோ. வங்கி தானாகக் கேட்கும் என்று இருந்துவிடாதீர்கள். வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்து மானியத்துக்குப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகை, வங்கி அல்லாத நிதி நிறுவனங்களின் கடன். சீக்கிரம் கிடைக்கும், வட்டி பெரும்பாலும் கூடுதல், அரசு மானியம் கிடையாது. வங்கி எழுத்தில் மறுத்த பிறகே இதைப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் வரை தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. முதலாம் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000, மொத்தம் 1,40,000. இதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து 5,40,000 ரூபாய்க்குத் தவணை போடுவார்கள். பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 7,140. வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் 4 லட்சத்துக்கு மட்டும் தவணை, மாதம் சுமார் 5,290. படிக்கும்போது கட்டிய 1,40,000 ரூபாயையும் சேர்த்தாலும் மொத்தத்தில் 80,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இப்படி வட்டி கட்டிவருவோருக்கு 1 சதவீத வட்டிச் சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு.

முதலாம் ஆண்டின் வட்டி மாதம் 833 ரூபாய். புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் வழியாக 1,000 ரூபாய் பெறுபவர் அதை அப்படியே கடன் கணக்குக்குத் திருப்பிவிட்டால் அந்த ஆண்டின் வட்டி முழுதும் அடைந்துவிடும். இரண்டாம் ஆண்டு 1,667 ஆகும்போது குடும்பம் 667 சேர்த்தால் போதும். முழு வட்டி மானியம் பெறுபவர்கள் இப்படிக் கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு அந்த 1,40,000 ரூபாயே அரசின் பொறுப்பு.

இதே கடனில் பிஎம் வித்யாலட்சுமியின் 3 சதவீத மானியத்தின் மதிப்பு 42,000 ரூபாய். பிரகதி உதவித்தொகை நான்கு ஆண்டில் 2,00,000. இரண்டில் ஒன்று என்றால் பிரகதியைத்தான் எடுக்க வேண்டும், கடனை மானியமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் கடனிலிருந்து கட்டணம் போகட்டும். உதவித்தொகை எந்த மாதம் வந்தாலும் கடன் கணக்கில் போட்டு அசலைக் குறைக்கலாம். கல்விக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. தாமதமாக வரும் உதவித்தொகையால் ஏற்படும் நெருக்கடிக்கு என் அறிவில் இதைவிடச் சிறந்த தீர்வு இல்லை.

தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டினால் 5,40,000 ரூபாய்க்கு மாதத் தவணை 5,800 ஆகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது பத்து ஆண்டுக் கணக்கைவிட ஏறக்குறைய 1,90,000 கூடும். நீண்ட காலத்துக்கு வாங்கிக்கொண்டு, சம்பளம் உயரும்போது கூடுதலாகக் கட்டுவது நல்ல நடுவழி.

நகைக் கடன் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் மீட்கப்போகிற இடைவெளிக்கு மட்டும் சரி. நான்கு ஆண்டுப் படிப்புக்கு அதை நம்பினால் ஆண்டுதோறும் மறுஅடகு வைக்க வேண்டிவரும். மானியமும் தவணை விடுப்பும் அதற்கு இல்லை.

வங்கி மறுத்தால், படிப்பு நின்றால்

இணையவழியில் விண்ணப்பித்த ஒப்புகை எண், சேர்க்கைக் கடிதம், கல்லூரி முத்திரையுடன் நான்கு ஆண்டுக் கட்டண விவரம், பெற்றோர் வருமானச் சான்று ஆகியவற்றோடு கிளைக்குப் போக வேண்டும். "எங்கள் பகுதி இல்லை", "இலக்கு முடிந்தது" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டப்படி கிளை தானாக மறுக்க முடியாது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பெற்றோரின் பழைய கடன் பாக்கியால் கடன் மதிப்பெண் குறைந்திருப்பதும் மறுப்புக்குக் காரணமாகலாம். அதனால் அவர்களுடைய கடன் அறிக்கையை விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பார்த்து, அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் திருத்த வேண்டும்.

படிப்பை நடுவில் விட்டால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அதோடு நிற்கும். முழு வட்டி மானியம், மருத்துவக் காரணம் தவிர மற்ற வகையில் படிப்பைக் கைவிட்டவருக்குக் கிடையாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும், தவணை முன்பே தொடங்கிவிடும். அதனால் கல்லூரி மாறுவதோ பாடப்பிரிவு மாறுவதோ என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் வங்கிக் கிளைக்கும் உதவித்தொகைப் பொறுப்பு அலுவலருக்கும் எழுத்தில் தெரிவித்து, எது தொடரும் என்ற பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.